ஒன்றரை ஆட்டம்

செஞ்சி காந்தி பஜாரில் தூளிக்கு ஸ்பிரிங் கேட்டால், "குழந்தைக்கு எத்தனை மாசம்?" என்றுதான் பேச்சு ஆரம்பமாகும். மூன்று மாதக் குழந்தைக்குத் தடித்த ஸ்பிரிங் மாட்டினால் தூளி அசையாது. வெறும் கயிற்றில் தொங்குவதும் அதுவும் ஒன்று. ஒரு வயசுப் பிள்ளைக்கு மெல்லியதை மாட்டினாலோ பிள்ளை தரையில் இடிக்கும். காருக்கு ஸ்பிரிங் தேடுகிறவர்கள் எந்தக் கம்பெனி, என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். எவ்வளவு பாரம் என்று கேட்கிறவர் குறைவு.

நான் சொக்கிப்போவது இதன் கணக்கில். ஸ்பிரிங்கின் மேல் வண்டி உட்காரும்போது அது எவ்வளவு அமுங்குகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் வண்டி நிமிஷத்துக்கு 60 தடவை ஆடும். 16 என்றால் 75. 11 என்றால் சுமார் 90. லாரியோ சின்னக் காரோ, கணக்கு மாறாது. இந்த 60க்கும் 90க்கும் நடுவில்தான் நம் உடம்புக்குச் சுகம். ஆட்டம் வேகமாகி விநாடிக்கு நான்கு முதல் எட்டு வரை போனால் வயிறும் முதுகும் சேர்ந்து குலுங்கும். ரொம்ப மெதுவாகி, ஐந்து விநாடிக்கு ஒன்று என்று ஆனாலோ கப்பலில் போவது போலக் குமட்டும். ஆக, மெத்தென்று இருப்பதெல்லாம் சுகமாகிவிடாது.

அம்பாசடர் காரின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தவர்களுக்குப் பட்டை ஸ்பிரிங் தெரியும். நீளமான மெயின் பட்டை மேலே, அதற்கடியில் ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்றவை. நடுவில் யு போல்ட் போட்டு இறுக்கிய கட்டு. ஏன் இத்தனை மெல்லிய பட்டைகள், ஒரே கனத்த பட்டை போதாதா? இரும்பின் விறைப்பு அதன் கனத்தோடு மும்மடிப் பெருக்கில் ஏறும். ஒரு பட்டையை எடுத்துவிட்டு அதில் பாதிக் கனமுள்ள இரண்டை வைத்தால், விறைப்பு கால்பங்காகக் குறைந்துவிடும். தவிர, பட்டைகள் ஒன்றோடொன்று உரசி ஆட்டத்தைக் கொஞ்சம் தின்னும். அந்த உரசலும் அளவோடு இருக்க வேண்டும். துரு ஏறிய கட்டு சின்னக் குழிக்கு வளையாது. கிரீஸ் போட்டதும் அதே கட்டு இளகிவிடும். தமிழில் இதற்கு 'வில்' என்று பெயர் வைத்தவன் யாரோ, நன்றாகத்தான் பார்த்திருக்கிறான். மாட்டு வண்டியில் அது வந்ததும் வில்வண்டி ஆயிற்று.

இப்போதைய கார்களின் சுருள் ஸ்பிரிங்கில் நயம் இன்னும் நுணுக்கம். 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். வண்டியைத் தாழ்த்த ஒரு சுற்றை அறுத்துவிடுகிறார்களே, அதில் ஸ்பிரிங் இளகாது, விறைக்கும். ஆறு சுற்று நெகிழ்ந்ததை இனி ஐந்து சுற்று நெகிழ வேண்டும். சில ஸ்பிரிங்குகளில் ஒரு முனையில் சுற்றுகள் நெருங்கியிருக்கும். பாரம் ஏற ஏற அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒதுங்கிக்கொள்ள, மிச்சச் சுற்றுகள் கெட்டியாகித் தாங்கும். தனியாகப் போனால் இளக்கம், குடும்பத்தோடு போனால் உறுதி.

முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் ஆடக் கூடாது என்று கண்டுசொன்னவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்கா போய், 1930களில் கேடிலாக் காரின் இரு முனைகளிலும் எடைகளை ஏற்றி இறக்கிச் சோதித்தவர். வேகத்தடையில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுத் தாமதமாக. பின்ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆடினால் அந்தத் தாமதத்தை ஈடுகட்டி முன்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளும். வண்டி தலையாட்டாமல் மட்டமாக அடங்கும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் ஏமாந்தேன். பின்ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகுகிற ரப்பர் பஃபரை, 'சொகுசாப் போகும்' என்று ஒருவர் சொன்னதை நம்பி மாட்டிவிட்டேன். செருகிய இடத்தில் சுற்று வேலை செய்யாது என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை. அறுத்து எடுப்பதும் அடைத்து வைப்பதும் ஸ்பிரிங்குக்கு ஒன்றுதான். பட்டறை மிஸ்திரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், வெயிட்டே இல்லாத வண்டிக்கு எதுக்கு முட்டுக் கொடுத்தீங்க?" பஃபரைப் பிடுங்கிப் போட்டார். படிந்துபோயிருந்த பழைய ஸ்பிரிங்குகளை மாற்றும்போது, பெயின்ட் கோடு ஒரே நிறத்தில் இருக்கிற ஜோடியாகப் பொறுக்கினார்; பாரத்துக்கேற்ற தரத்தைக் காட்டும் கோடு அது. கடைசியில் டிக்கியை ஓங்கி அமுக்கிக் கையை எடுத்தார். வண்டி ஒருமுறை எழுந்தது, பாதி இறங்கியது, நின்றது. "ஒன்றரை ஆட்டம். ஷாக் அப்சார்பர் நல்லா இருக்கு."

அன்று மாலை அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துத் திருவண்ணாமலை சாலையில் கிளம்பினேன். அந்தச் சாலை செஞ்சிக் கோட்டை மதிலை ஊடறுத்துக்கொண்டு, ஒருபுறம் ராஜகிரி, மறுபுறம் கிருஷ்ணகிரி என்று நடுவில் போகிறது. பாறைமேல் பாறையாக அடுக்கி யாரோ விட்டுப்போனது போன்ற அந்தக் குன்றுகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் இடுப்பு சும்மா இருக்க வேண்டும். ஒரு வேகத்தடை வந்தது. ஏறி இறங்கினோம். கண்ணாடியில் பார்த்தேன். அம்மா ராஜகிரி உச்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.