செக்குபந்தியில் நிற்கும் மனிதர்கள்

ராயபுரத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்று கையில் கிடைத்தால், விஷயம் தெரிந்தவர்கள் விற்றவரையும் வாங்கியவரையும் தாண்டி நேராகச் செக்குபந்திக்குப் போவார்கள். இன்னார் மனைக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, சந்துக்குத் தெற்கு என்று நான்கெல்லை சொல்லும் அந்த வரிகளில், விற்பனையோடு சம்பந்தமே இல்லாத அண்டை வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கீழே இறங்கினால் சாட்சிகள், கைநாட்டு வைத்தவர்கள், பத்திரம் எழுதினவர். தேடிப் போனது ஒரு குடும்பத்தை, கிடைப்பது ஒரு தெரு.

குடும்ப வரலாறு தேடுவதன் ருசியே இந்த ஓரங்களில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் கிராமத்துப் பங்குகளில் இது நன்றாக முதிர்ந்த கலை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவு, கூலிக்காரர் வீட்டுக்கும் ஏட்டில் இடம் கொடுத்தது. அந்த வழக்கம் மதராஸுக்கும் கப்பலேறி வந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது 1680இல். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த கும்பினி அதிகாரி எலிஹு யேலின் கல்யாணம்தான் அதன் ஏட்டில் முதல் திருமணம்.

கோட்டைக்கு வடக்கே, கப்பல் சரக்கைக் கரைசேர்த்த படகுக்காரர்கள் எழுப்பிய ராயப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்தது ராயபுரம். கத்தோலிக்க ஞானஸ்நானப் பதிவு என்றால் குழந்தை, தாய், தகப்பன், தேதி, குருவானவர் கையெழுத்து, கூடவே ஞானத்தாய், ஞானத்தகப்பன். அனுபவசாலிகள் இந்தக் கடைசி இருவரை விடமாட்டார்கள். ஞானத்தகப்பன் பெரும்பாலும் தாய்மாமனாகவோ தொழில் கூட்டாளியாகவோ இருப்பார். அவரைப் பிடித்தால் தாய்வழி திறந்துகொள்ளும்.

ஆனால் இங்கிலாந்துக்காரருக்கு இல்லாத சிக்கல் நமக்கு உண்டு. அவருக்குக் குடும்பப் பெயர் பல நூற்றாண்டுக்கு ஒரே நூலாக ஓடும். நம் இனிஷியல் தகப்பனோடு நின்றுவிடும். அதிலும் சவரிமுத்து, அந்தோணி, ராயப்பன், சின்னப்பன் என்று ஒரே பெயர்கள் ஒரே தெருவில் திரும்பத் திரும்ப வரும். ஐரோப்பியக் குருக்கள் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. இதற்குக் கைகொடுப்பது பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் பழக்கம்: ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் தலைகாட்டினால், சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோம் என்று ஓரளவு நம்பலாம்.

ஒரு வீட்டுத் துயரமே கட்டடமாக நிற்பதும் உண்டு. ராயபுரத்தில் 1910இல் திறந்த பார்சி அக்னி ஆலயம், மகன் ஜால் சிறுவயதில் இறந்த பிறகு பிரோஜ் கிளப்வாலா கட்டிக் கொடுத்தது.

திருவொற்றியூருக்கு வந்தால் ஏடு கல்லாகிவிடுகிறது. தியாகராசர் கோயில் கல்வெட்டுகளில் ஒன்று, ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையையே சொல்கிறது. அவர் கேரளத்துக்காரர், சோழ இளவரசன் ராஜாதித்தனின் நெருங்கிய தோழர். 949இல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானைமேல் மடிந்தபோது இவர் அருகில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் வெறுத்துக் கங்கைக்குப் போனார். பிறகு ஒற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் மடத்துக்குத் தலைவரானார். கதை இதோடு முடிந்ததென்று நகர்ந்துவிடக் கூடாது. கல்வெட்டின் ஆண்டுக்கணக்கைப் பார்க்க வேண்டும்: ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டு. ராஜாதித்தனைக் கொன்ற படை அந்தக் கிருஷ்ணனுடையது. தோழனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அந்தத் துறவியின் தானம் கல்லில் ஏற வேண்டியிருந்தது. தொண்டைநாடு அன்று யார் கையில் இருந்தது என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்லும் வரி எந்தச் சரித்திர நூலிலும் கிடைக்காது.

பிறகு ராஜேந்திர சோழன் காலத்தில் கருவறை கல்லால் எழும்பியபோது, வேலையைச் செய்த தச்சன் பெயரும் பொறிக்கப்பட்டது: ரவி என்ற வீரசோழத் தச்சன். தஞ்சைப் பெரிய கோயில் வழியாகக் குஞ்சரமல்லன் பெருந்தச்சனை அறிந்தவர்கள் இவரையும் அறிந்திருக்க வேண்டும்.

1708இல் கும்பினி பெற்ற ஐந்து கிராமங்களில் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு மூன்றும் இந்தக் கரையைச் சேர்ந்தவை. ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கும்பினிக் காகிதங்களிலும் இவ்வூர்களைத் தேடலாம். எண்ணூர் பர்மா நகரின் கதை வேறு. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களில் பலருக்குச் சொத்தோடு பத்திரமும் அங்கேயே போயிற்று. தாயகம் திரும்பியோர் சான்றும் முதியவர்களின் ஞாபகமும்தான் மிச்சம். மீனவக் குப்பங்களில் காகிதம் இன்னும் குறைவு. துறைமுகம் கட்டிய பின் அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால், கிழக்கெல்லை சமுத்திரம் என்று எழுதியிருந்தால் அந்த எல்லையை இன்றைய கரையில் வைத்து அளக்க முடியாது.

வடசென்னையில் வேர் உள்ளவர்கள் பீரோவில் இருக்கும் மூலப்பத்திரத்தை ஒருமுறை வெளியே எடுங்கள். இரு பக்கமும் படம் பிடியுங்கள், பின்பக்கப் பதிவாளர் முத்திரையும் விழ வேண்டும். செக்குபந்தியிலும் சாட்சியிலும் வரும் பெயர்களைத் தனியே எழுதி, தெருவிலிருக்கும் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். பத்திரத்தை லாமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் பழைய தாள் கெட்டுப்போகும், பிறகு பிரித்தெடுக்கவும் வழியில்லை.