வேடிக்கைப் பொருளா? விளையாட்டுத் தோழனா?

தமிழ்த் திரைக்கு ஒரு பழக்கம் உண்டு. கதை தளர்ந்து, கொட்டகையிலே கொட்டாவி கிளம்பும் நேரத்தில், வாய் குழறுபவன் ஒருவனை, நடை தடுமாறுபவன் ஒருவனை, எதைச் சொன்னாலும் நம்பிவிடும் வெள்ளை உள்ளத்தான் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையிலே ஒரு தட்டு; கொட்டகை முழுதும் சிரிப்பு. பொழுது போயிற்று, படமும் ஓடிற்று! அறிவு வளர்ச்சி குன்றிப் பிறந்த மக்களைக் காட்டி நாம் பொழுது போக்கினோம். அவர்களுடைய பொழுது போவதற்கு நாம் செய்தது என்ன? இந்தக் கேள்வியைக் கையிலே பிடித்துக்கொண்டு சில படங்களையும், சில சட்டங்களையும், ஓர் ஊரையும் பார்க்கப் புகுகிறோம்.

1977-இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தை எடுத்துக்கொள்வோம். ஊரார் அவனைச் சப்பாணி என்கிறார்கள்; ஏவல் வாங்குகிறார்கள்; எள்ளி நகைக்கிறார்கள். உனக்கென்று கோபாலகிருஷ்ணன் என்றொரு பெயர் உண்டு, சப்பாணி என்று அழைப்பவன் கன்னத்தில் அறை என்று மயில் கற்றுக்கொடுக்கிறாள். மானத்தை மீட்கச் சொல்லும் அந்தக் காட்சிக்காகவே பாரதிராஜாவைப் பாராட்டுகிறோம். ஆனால் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் எதை எடுத்து வந்தார்கள்? பலகுரல் மேடைகளிலே இன்றும் நடப்பது அந்த நொண்டி நடை. இன்றும் கேட்பது அந்தக் குழறல். அந்த அறையை மட்டும் எவரும் நடித்துக் காட்டக் காணோம்!

1990-இல் மணிரத்னம் 'அஞ்சலி'யைத் தந்தார். அடுக்குமாடியில் வாழும் சிறுவர் கூட்டம் முதலில் அந்தக் குழந்தையை விரட்டுகிறது, பிறகு அணைத்துக்கொள்கிறது. கண் கலங்கினோம், மறுக்கவில்லை. ஆனால் அணைத்த கை ஆறுமுன் அஞ்சலி இறந்துவிடுகிறாள். இறந்தது குழந்தை மட்டுமா? அவள் இருபது வயதில் எங்கே போவாள், யாரோடு பேசுவாள், மாலை நேரத்தை எப்படிக் கழிப்பாள் என்ற தொல்லை தரும் கேள்விகளும் அவளோடு சேர்ந்து புதைக்கப்பட்டன. 2011-இல் வந்த 'தெய்வத் திருமக'ளில் கிருஷ்ணா வாழ்கிறான். ஆனால் பெற்ற மகளை விட்டுக்கொடுத்துத் தியாகியாகிறான். ஒருவர் சாகிறார், மற்றவர் துறக்கிறார். சாகாமலும் துறக்காமலும், மற்றவரைப்போல் சாதாரணமாக, சந்தைக்கும் திருவிழாவுக்கும் போய்வந்து வாழும் ஒருவரைக் காட்டக் கதாசிரியர்களுக்கு ஏனோ கை வருவதில்லை.

2013-இன் 'ஹரிதாஸ்' இவற்றினும் மேலானது. ஆட்டிசம் உள்ள மகனுக்கு ஓட்டத்தில் நாட்டம் இருப்பதைத் தந்தை கண்டறிகிறார், அவனை ஓடவிடுகிறார். இரக்கத்தை இறக்கிவைத்துவிட்டு ஆடுகளத்துக்கு வந்த படம் என்பதால் வரவேற்கிறோம். எனினும் ஒரு குறை. ஓடுகிற பிள்ளை வெற்றியும் பெற்றால்தான் ஊர் கைதட்டுமா? நம் வீட்டுப் பிள்ளைகள் தெருவிலே பம்பரம் விடுகிறார்கள், கில்லி அடிக்கிறார்கள், தோற்றுவிட்டு நாளையும் வருகிறார்கள். கோப்பை எங்கே என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. தோற்று விளையாடும் உரிமை இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

நகைச்சுவை என்ற பெயரால் நடப்பதற்கு நீதிமன்றமும் கோடு கிழித்துவிட்டது. ஒரு இந்திப் படம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8-இல் அளித்த தீர்ப்பு, குறையுடைய மனிதனைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும் நகைச்சுவை வேறு, அவனைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. திரைக்கதை எழுதுவோர் அந்தத் தீர்ப்பைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு எழுதட்டும்.

சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 30-ஆம் பிரிவு, கலை, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குகொள்வதை உரிமை என்கிறது. இந்தியா 2007-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் 29-ஆம் பிரிவையும் விளையாட்டுக்கு 30-ஆம் பிரிவையும் ஒதுக்கியது. தமிழக அரசு அறிவுசார் குறைபாடு உடையோர்க்குத் திங்கள்தோறும் தரும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. நன்று. ஆனால் உணவுக்கு ஒதுக்கிய நாம் உவகைக்கு ஒதுக்கினோமா? டிசம்பர் 3 வரும், பந்தல் எழும், பலூன் உடைப்பார்கள், பரிசுத் தட்டு கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள். டிசம்பர் 4-ஆம் நாள் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான்? திண்ணையிலே! பள்ளி வயதிலாவது சிறப்புப் பள்ளி என்று ஓரிடம் உண்டு. பதினெட்டைத் தாண்டியவனுக்கோ வீடே உலகம், சுவரே தோழன். முடிவெட்டிக்கொள்ளவும் மருத்துவரைப் பார்க்கவும் அன்றி வெளியே வராத வாலிபர்களை ஊருக்கு ஊர் காணலாம்.

"எல்லாம் முற்பிறப்பின் வினை, என்ன செய்வது?" என்று பெருமூச்சு விடுவோர் உளர். வினையா? டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது என்று பிரெஞ்சு அறிவியலார் 1959-இலேயே காட்டிவிட்டார்கள். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு உயிர்வளி குறைவதாலும் குறைபாடு நேர்வதுண்டு. குரோமோசோமுக்கு முற்பிறப்பு ஏது? வினை என்ற சொல் அந்தக் குழந்தைக்கு ஆறுதல் தரவில்லை. கைகட்டி நிற்கும் நமக்குத்தான் வசதி தருகிறது.

கைகட்டி நிற்காத ஒருவரைப் பார்ப்போம். அமெரிக்காவின் மேரிலாந்தில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்ற அம்மையார், 1962-இல் தம் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அவருடைய தமக்கை ரோஸ்மேரி அறிவு வளர்ச்சி குன்றியவர். அந்தத் தோட்டத்து ஆட்டம் 1968 ஜூலையில் சிகாகோ நகரில் சிறப்பு ஒலிம்பிக்காக வளர்ந்தது. 2023-இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் இந்தியர் 202 பதக்கங்கள் பெற்றனர். பதக்கங்களை விட அவர்கள் வகுத்த முறையே நம்மைக் கவர்கிறது. முதலில் ஓடவிட்டுத் திறனை அளக்கிறார்கள். பிறகு ஒத்த வேகத்தினரை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். மெல்ல ஓடுபவனுக்கும் முந்துவதற்கு ஓர் ஆள் எதிரிலே இருக்கிறான்! இன்னொன்று, குறைபாடு உடையவரும் இல்லாதவரும் ஒரே அணியில் கலந்து ஆடும் ஆட்டம். உதவ வந்தவனாக அல்ல, பந்தை வீசக் கேட்கும் கூட்டாளியாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அங்கே நிற்கிறான்.

இனி வாடிப்பட்டிக்கு வருவோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் உள்ள இந்தப் பேரூருக்கு மேளத்தால் பெயர். பக்கத்திலே பாலமேடு, அலங்காநல்லூர். அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட ஏறுதழுவுதல் அரங்கு 2024 ஜனவரி 24-இல் திறக்கப்பட்டது. அதை நாம் குறைகூற வரவில்லை. காளைக்கும் வீரனுக்கும் களம் வேண்டியதுதான். கேளிக்கைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது என்பதைச் சுட்டவே சொன்னோம். இந்தக் கேளிக்கையில் நாம் பேசும் பிள்ளைக்கு இடம் எங்கே? மேளம் கேட்டால் துள்ளி ஆடுபவர் அவருள் பலர். அதே மேளம் காதிலே ஈட்டியாய்ப் பாய, செவியைப் பொத்திக்கொண்டு அலறுவோரும் ஆட்டிசம் உடையோரில் உண்டு. அலறினால் "பேய் பிடித்தது" என்பான் அறியாதவன். "பிள்ளையை ஏன் கூட்டி வந்தாய்" என்பான் அறிந்தவன்! தாய் தலைகுனிந்து திரும்புகிறாள். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அவளும் வருவதில்லை. குறை பிள்ளைக்கு, சிறை தாய்க்கும்.

தீர்வுக்குக் கோடிகள் தேவையில்லை. ஒலிபெருக்கி எட்டாத மூலையில் ஒரு பந்தல். வாரம் இரண்டு மாலை பள்ளி மைதானத்தில் ஒரு மணி நேரம். ஒரு பந்து, ஒரு பறை, ஒரு சீழ்க்கை. கல்லூரி இளைஞர் நால்வர். வாசிப்பவர் ஊரிலேயே இருக்கிறார்கள். மெல்லத் தட்டிக் காட்டினால் தாளம் பிடிக்கும் கைகளும் இருக்கின்றன.

உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக அமர்த்த வழி செய்யும் சட்டத்திருத்தங்களைத் தமிழகச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. பேரூராட்சிகளுக்கும் அது பொருந்தும். ஆனால் பேச நா எழாத பிள்ளைக்காக அங்கே பேசுவது யார்? சாலையும் சாக்கடையும் பேசி முடித்த பிறகு, மைதானத்தின் சாவி மாலை ஐந்து மணிக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் அந்த உறுப்பினர் கேட்க வேண்டும். கேட்டால் மன்றம் என்ன விடை தருகிறது என்பதைப் பார்க்கக் காத்திருக்கிறோம்.