ஆத்துமாக்களின் கணக்கு

திருச்சபை எதன்பொருட்டு உள்ளது என்னும் வினாவுக்குக் கிறிஸ்தவ அறிஞர் வழக்கமாக இரு விடைகளை ஒருசேரக் கூறுவர். சுவிசேஷத்தை உலகுக்கு அறிவித்தல் ஒன்று. அதனை ஏற்றுக்கொண்டோரை ஆன்மிக வாழ்வில் வளரச் செய்தல் மற்றொன்று. ஏட்டளவில் இவ்விரண்டுக்குமிடையே பிணக்கு எதுவுமில்லை. ஆனால், தனது பணத்தை எங்கே செலவிடுவது, எந்தப் பள்ளியைத் திறப்பது, எதனை மூடுவது என்று ஒரு சபை தீர்மானிக்க வேண்டிய வேளையிலேதான், அது உண்மையில் எதனைத் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது என்பது வெளிப்படுகின்றது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்கு அத்தகைய வேளை 1855ஆம் ஆண்டில் வந்தது.

1816இல் இங்கு வந்து சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமாரைப் பிரித்தானிய ஆட்சி ஐயத்துடனேயே நோக்கிற்று. 1820இல் அவர்களுக்கென வந்த அச்சாளரை நாட்டில் தங்கவும் தேசாதிபதி பாண்ஸ் இடமளிக்கவில்லை. இத்தடைகளுக்கிடையே தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என ஊர்தோறும் நிலைகொண்ட மிஷனார், 1823இல் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியைத் தொடங்கினர். சுதேச உபதேசிமாரைக் கற்றறிந்தோராக ஆக்குவதே அதன் முதன்மையான குறிக்கோள். ஆங்கிலம், தமிழிலக்கணம், இலக்கியம், கணிதம், வானசாஸ்திரம், இயற்கை விஞ்ஞானம் எனப் பாடங்கள் விரிந்தன. அக்காலத்தில் ஆசியாவிலேயே இத்தகைய கலாசாலைகள் மிகச் சிலவே இருந்தன எனலாம்.

வானசாஸ்திரம் அங்கே புகுந்த காரணம் கவனிக்கத்தக்கது. புராணங்கள் கூறும் அண்டகோளம் பொய்யென்று காட்டினால் புராணங்கள் கூறும் தெய்வங்களும் உடன் சரிந்துவிடும் என்பது பாதிரிமாரின் கணிப்பு. 1829இல் நிகழ்ந்த சந்திரகிரகணத்தையொட்டிப் பஞ்சாங்கக் கணிதரோடு பூவர் நிகழ்த்திய வாதம் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றை எழுதுவோர் விடாது எடுத்துரைக்கும் கதை. ஆனால் கணிப்பு வேறாகவும் விளைவு வேறாகவும் அமைந்தன. மாணவர் வானசாஸ்திரத்தைக் கற்றனர். புராணத்தைச் சிலர் ஐயுற்றனர். அதன் காரணமாகவே வேதாகமத்தை நம்பிவிட்டாரா எனின், பலர் நம்பவில்லை. ஐயுறவைக் கற்பித்தவர் அதற்கு எல்லைக்கோடு கீற மறந்துவிட்டார். கற்பித்தோரும் மாறினர். பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் சைவசித்தாந்தத்தை மறுக்கவெனக் கற்கப் புகுந்து, ஈற்றில் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயவியல் சங்கத்தின் ஏட்டிலே வெளியிட்டார். மறுக்க வந்தவர் மொழிபெயர்ப்பாளராயினார்! ஆன்மிக வளர்ச்சி என்று எதையேனும் சுட்டுவதாயின் இதனையும் சுட்டலாம் என்பது எமது எண்ணம். ஆனால் பொஸ்டனிலிருந்த தலைமைச் சங்கத்தின் பேரேட்டில் இதற்கு இடமிருக்கவில்லை.

அச்சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்தார், பார்த்தார், அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. கற்றோர் பெருகினர், விசுவாசிகள் அதற்கேற்பப் பெருகவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

அண்டர்சனின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. ஆங்கிலக் கல்வி இளைஞரைக் கச்சேரி உத்தியோகத்துக்கே அனுப்புகின்றது. அது அவர்களைத் தம் கிராமத்திலிருந்து பிரிக்கின்றது. மக்களிடையே பணியாற்றுவோர் மக்கள் மொழியிலேயே பயிற்றப்படுதல் வேண்டும். சபைகள் வெளிநாட்டுப் பணத்தை நம்பியிராது தாமே தம்மைத் தாங்கவும் ஆளவும் பரப்பவும் கற்றல் வேண்டும் என்பன அவருடைய கொள்கைகள். ஆங்கிலங் கற்ற வகுப்பொன்று குடியேற்ற ஆட்சியின் கணக்கப்பிள்ளையாகவும் துபாஷியாகவும் வளர்ந்ததை அறிந்த எம்மால் இவற்றுட் பலவற்றை மறுக்க இயலாது. தாய்மொழிக் கல்விக்காக வாதிடும் ஆசிரியர் எவரும் இவ்வரிகளைத் தமது கூற்றாகவே கொள்வர்.

எனினும் எந்தத் தாய்மொழி, எதற்காக என்பதிலேதான் வேறுபாடு உள்ளது. அண்டர்சனுக்குத் தமிழ் என்பது பிரசங்கத்துக்குப் போதுமான கருவி. அதே மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியரோ, மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, 1860களில் மாணவருக்கு அவ்வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றையும் இரசாயனத்தையும் தாங்கவல்லது தமிழ் என்று ஓர் அமெரிக்க வைத்தியர் செய்து காட்டிய பின்னரும், எமது பல்கலைக்கழகங்களில் மருத்துவம் இன்றும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றது. இது வேறு கதை, இங்கே நிறுத்துவோம்.

செமினரி மூடப்பட்டது கண்டு வாளாவிருக்க ஊரார் விரும்பவில்லை. பழைய மாணவர் றொபேட் பிறெக்கன்றிஜ் 1856இல் வட்டுக்கோட்டையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையைத் தாமே தொடங்கினார். 1872இல் சுதேசக் கிறிஸ்தவரின் முயற்சியால் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. பெயரைக் கண்டு வாசகர் மயங்கவேண்டாம்; பிறெக்கன்றிஜ் தமிழரே. உபகாரப் பணம் அனுப்பிய அமெரிக்கரின் பெயர்களை மாணவருக்குச் சூட்டுவது மிஷன் வழக்கம். 1841இல் தோன்றிய 'உதயதாரகை'யின் முதலாசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் இத்தகைய தமிழரே. சார்ள்ஸ் வின்ஸ்லோ கிங்ஸ்பெரி என்ற பெயரைப் பெற்ற மாணவர், பின்னர் அவ்வெழுத்துக்களை விடாமலே பொருளை மாற்றி, சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் தாமோதரம்பிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆயினார். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இவரும் இவருடைய ஆசிரியர் கறல் விசுவநாதபிள்ளையுமே. இருவரும் வட்டுக்கோட்டையிற் கற்றோர். இருவரும் சைவராகவே அறியப்பட்டோர். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவர் தாமோதரம்பிள்ளை. சங்க இலக்கியப் பதிப்பின் விடிவெள்ளியை, மிஷன் தனது நட்டக் கணக்கில் எழுதிவைத்திருந்தது.

கிறிஸ்தவரின் தமிழ்த்தொண்டு என்ற தலைப்பில் நூல் எழுதுவோர் இவ்விடத்து முகமலர்வர். அகராதி, பத்திரிகை, வசனநடை, அச்சு என்று அவர்கள் பட்டியலிடுவர். 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோ அகராதி 1862இல் வெளிவந்தது உண்மை. அதன் பயன் பெரிது. ஆனால் அப்பட்டியல் ஒன்றை மறைக்கின்றது. இவ்விளைவுகளுட் பெரும்பாலானவை சபை தன் நோக்கமெனக் கருதியவை அல்ல. அதன் பாதையில் முளைத்தவை. பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், அவர்களிடமிருந்து பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம், வினாவிடை, கண்டனப் பத்திரம் ஆகிய ஐந்தையும் எடுத்துக்கொண்டு 1847 முதல் அவர்களையே எதிர்த்து நின்றார். கருவிகள் கைமாறின. போட்டி ஆத்துமாக்களுக்காக நடைபெற்றது.

அப்போட்டியில் இரு சாராரும் எதனைப் பேசாது விட்டனர் என்று கேட்கவேண்டியது திறனாய்வாளர் கடன். யாழ்ப்பாணத்திலே கோவியரும் நளவரும் பள்ளரும் அடிமைகளாயிருந்த காலம் அது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இலேதான். அதாவது செமினரி சிறந்து விளங்கிய நாட்களிலே. ஆனால் செமினரியின் மாணவர் பெரும்பாலும் வேளாளர். தொடக்கத்தில் விடுதிச் சிறுவர்கள் மிஷன் வளவில் சமைத்த உணவை உண்ண மறுத்தமையால் வளவுக்கு வெளியே சமைக்க இடம்விடப்பட்டது. சந்திரகிரகணத்தைப் பற்றி ஊரோடு வாதாட அஞ்சாத பாதிரிமார் சோற்றுப்பானை விடயத்தில் விட்டுக்கொடுத்தனர். இதனை வெறும் கோழைத்தனம் என்று நாம் கூறவில்லை. மாணவர் வராவிடின் பள்ளியில்லை, பள்ளியில்லாவிடின் சபையில்லை என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. பிற்காலத்தில் விடுதிகளிலே இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது என்பதும் உண்மை. ஆயினும் எண்ணிக்கைக்காகச் சுவிசேஷத்தின் உள்ளடக்கமே சற்று ஒதுக்கி வைக்கப்பட்ட இடம் இதுவே.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய குறையன்று. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளிலே சாதி வேறுபாடு அடியோடு ஒழியவேண்டுமெனக் கட்டளையிட்டபொழுது, தஞ்சாவூரிலும் பிற இடங்களிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையையே விட்டு வெளியேறினர். பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழமையை ஆதரித்தே எழுதினார். ஞானஸ்நானம் பெற்றாயிற்று, பக்திப் பாடல்களும் பெருகின, தனித்தனி இருக்கை மட்டும் மாறவில்லை. ஆன்மிக வளர்ச்சி என்பதற்கு அளவுகோல் வேண்டுமாயின், செப எண்ணிக்கையையும் பாட்டு எண்ணிக்கையையும் விட அவ்விருக்கை சிறந்த அளவுகோலாகும். மிஷன் அறிக்கைகளில் புதிதாகச் சேர்ந்தோர் தொகைக்கு எப்பொழுதும் ஒரு நிரல் உண்டு. ஒரே கிணற்றில் நீர் அள்ளியோர் தொகைக்கு நிரல் வகுத்த அறிக்கையை நாம் கண்டதில்லை.

நாவலர் பக்கம் நிலைமை இதனினும் கடுமையானது. அவர் சாதி வரம்பைச் சமயக் கடமையாகவே போதித்தார். ஆதலால் எமது விமர்சனம் ஒரு சமயத்தைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தும் நோக்கினதன்று. 1929இல் உதவி பெறும் பாடசாலைகளிலே சம ஆசனம், சம போசனம் என்ற விதி வந்தபொழுது எதிர்த்து எழுந்த கூச்சலில் இரு சமயத்தாரின் குரலும் கலந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. 1924இல் யாழ்ப்பாணக் கல்லூரிச் சூழலில் ஹன்டி பேரின்பநாயகமும் தோழரும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், தீண்டாமை ஒழிப்பையும் தேச விடுதலையையும் தாய்மொழிக் கல்வியையும் ஒரே மூச்சிற் பேசியது. அவ்விளைஞருட் பலர் கிறிஸ்தவ இல்லங்களிற் பிறந்தோர். சபை அவர்களை அனுப்பவில்லை. ஆனால் சபை கட்டிய மண்டபத்திலே அவர்கள் சிந்திக்கக் கற்றனர். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதன் பின்னர், அத்தகைய மண்டபங்களிற் பெரும்பாலானவை சபையின் கையில் இல்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதலாவது அத்தியட்சரான குலேந்திரன், அருள் என்னும் கருத்தைக் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் ஒப்பாய்ந்து நூலெழுதினார். ஹொய்சிங்டன் தொடக்கிய உரையாடல் ஒரு நூற்றாண்டு கழித்து மதிப்புடன் தொடர்ந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவ்வுரையாடல் நூலகத்தினுள்ளே நிகழ்ந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நின்றபொழுது, அவர்களோடு முன்னணியில் நின்றது இடதுசாரிகள் வழிநடத்திய தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். அவ்வியக்கத்தின் அமைப்பாளருள் ஒருவர் கே. டானியல். கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், யாழ்ப்பாணத்துச் சாதிக்கொடுமையின் கதையை 1972இல் 'பஞ்சமர்' என்ற நாவலாக்கினார். அதனை எழுதும் துணிவை அவருக்கு வழங்கியது இயக்கமேயன்றிப் பிரசங்க பீடமன்று.