களஞ்சியமும் புகழுரையும்

புத்தளக் கரையிலுள்ள கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களை விளக்கும் ஆங்கில நூலொன்றை 1834இல் வெளியிட்டார். அதன் குணங்குற்றங்களுக்கு அவரே பொறுப்பாளர். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவோ பலர் கூடி எழுதுங் களஞ்சியம். இத்தகைய களஞ்சியத்துள் தம்மையும் தம் நிறுவனத்தையும் தாமே புகழ்ந்தெழுதுவாரும், ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க, அழித்ததை அவர் மீட்கப் பூசலிடுவாரும் புகுதல் இயல்பே.

இந்நோய் புதிதன்று, ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகல் புகுந்தமையை அறிவோம். ஆயின் ஏட்டிற் செருகியவன் மறைந்தான். இங்கோ ஒவ்வொரு திருத்தமும் நாளும் நேரமும் குறித்து 'வரலாறு' என்னும் பகுதியிற் பதிவாகின்றது. அதுவே இதன் பெருஞ்சிறப்பு. 24 மணி நேரத்துள் ஒரு பக்கத்தை மூன்று முறைக்கு மேல் மீள்வித்தலாகாதென்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் விதி. எனினும் விதி கையைத் தடுக்குமேயன்றி மெய்யை நிறுவாது. மெய்யை நிறுவுவது சான்று. அதனை ஆராயுமிடம் உரையாடற் பக்கம்.

குறையொன்றுண்டு. காரைதீவு என்னும் பெயர் புத்தளக் கரையிலும் அம்பாறைக் கரையிலும் வழங்குகின்றது. விபுலாநந்த அடிகள் பிறந்தது பின்னதில். ஊர்ப்பற்று மிகுந்தார் ஒருவர் அப்பெருமையை முன்னதற்கு ஏற்றிவிடின், நோக்குவார் சிலரேயாகிய சிற்றூர்ப் பக்கத்தில் அப்பிழை நெடுநாள் நிலைத்தல் கூடும். ஆதலின் ஊரைப் போற்றுவார் செய்யத்தக்கது புகழ்மொழி பெருக்குதலன்று. அச்சேறிய சான்று தேடிச் சேர்த்தலேயாம்.