மீனாட்சியம்மையின் பாடல்கள்: அச்சும் குரலும்

தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940ஆம் ஆண்டு வெளியிட்ட 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் சிறு பாட்டுநூலை இலக்கியமாகக் கொள்ளலாமா என்னும் வினா நம்மிடையே அவ்வப்போது எழுவதுண்டு. வினாவே பிழைபட எழுப்பப்படுகின்றது என்பது எமது கருத்து. இது முதலில் வாசிப்பதற்கான நூலன்று. கூட்டத்தின் நடுவே நின்று ஒரு பெண் பாடியவற்றின் அச்சுச் சுவடு. நடேசய்யர் பேசுமுன் அம்மையார் பாடி மக்களைத் திரட்டுவார் என்பதை மலையக வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிட்டுள்ளனர். பாரதி பாடல்களையும் அவர் பாடினார். தாமே இயற்றியவற்றையும் பாடினார்.

அப்பாடல்கள் எழுந்த சூழல் நோக்கத்தக்கது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டனர். 1940 சனவரியில், கண்டியை அடுத்த ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். கண்டியைச் சூழ்ந்த மலைகளெங்கும் தோட்ட எல்லை என்பது சட்டத்தின் எல்லையாகவும் இருந்தது. துரையின் அனுமதியின்றி வெளியார் உள்நுழைதல் அத்துமீறல். நடேசய்யரே புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்றார் என்பர். பேச்சாளனை வாயிலில் மறிக்கலாம். ஒருமுறை கேட்டு மனத்திற் பதிந்த பாட்டை எக்கங்காணியும் மறிக்க இயலாது. அது கேட்டவரின் வாயிலேயே லயத்துக்குத் திரும்பிச் சென்றுவிடும்.

இதனை மனங்கொண்டால், குறைகளெனச் சுட்டப்படுவன வேறு பொருள் பெறும். மெட்டு இரவல் என்பர். எழுத்தறியாதார் பெருந்தொகையினராயிருந்த கூட்டத்தில், முன்பே பழகிய மெட்டன்றோ முதற்கேள்வியிலேயே உடன்பாட இடந்தருவது! கருத்து நேரடியானது, கூறியது கூறல் மிகுதி என்பர். வாசகன் பக்கத்தைத் திருப்பி மீளப் படிக்கலாம். திறந்தவெளியில் நிற்பவனுக்கு அவ்வசதி இல்லை. பாரதி சிந்தையும் கும்மியையும் கையாண்டபோது அதனை மக்கள்மயப்பாடு எனப் போற்றிய நம் விமரிசனம், அம்மையாரிடம் வந்ததும் யாப்பிலக்கணத்தைக் கையில் எடுப்பது விந்தையே. (முற்போக்கு அணியினரும் இதற்கு விலக்கல்லர்.)

புறக்கணிப்புக்கு மற்றொரு காரணமும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்த பின்னர் மலையக நாட்டார் பாடல் ஆய்வு வலுப்பெற்றது. ஆனால் நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயரின்மை ஒரு தகுதியாகக் கருதப்பட்டது. அம்மையாரின் பாடல்களிலோ பெயர் இருக்கின்றது, ஆண்டு இருக்கின்றது, அரசியல் இருக்கின்றது. ஆகவே அவை நாட்டாரியலுக்குள் அடங்கவில்லை. இரவல் மெட்டும் எளிய சொல்லும் உடைமையால் ஏட்டிலக்கியத்துள்ளும் ஏற்கப்படவில்லை. பெயரற்ற பெண்ணின் தாலாட்டைத் தொகுத்த நாம், பெயருடன் மேடையேறிய பெண்ணின் பாட்டை இழக்கத் துணிந்தோம்.

குறையே இல்லை என்பது எமது வாதமன்று. நூலின் பெயரே காட்டுவதுபோல, இங்கு பாடுவோரும் கேட்போரும் 'இந்தியர்'. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிய பின், மலையகத்தை மண்ணாகக் கொண்ட தலைமுறைக்கு அவ்விளி அந்நியமாயிற்று. மலையகத் தமிழர் என்னும் உணர்வுக்கு முந்திய குரல் இது. அவ்வகையில் வரலாற்றுக்குட்பட்டது.

இதனினும் பெரிய இடர் மெட்டுப் பற்றியது. அச்சுப் பிரதியை மட்டும் படிக்கையில் அடிகள் நொண்டுவதாகத் தோன்றும். மெட்டொன்றைப் பொருத்திப் பாடிப் பார்த்தால், நொண்டிய இடம் மூச்செடுக்கும் இடமாக மாறுவதை நாம் கண்டோம். எனவே மறுபதிப்புக்கு முயல்வோர் மூலபாடத்தைத் திருத்துவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது மெட்டுகளைத் தேடி ஒலிப்பதிவு செய்வதிற் காட்டுதல் வேண்டும். அதற்குத் தேவைப்படுவது பண்டிதர் குழுவன்று. தோட்டத்து முதியோர் ஓரிருவரும் ஒரு பதிவுக் கருவியும்.