முகத்தை மறைக்கும் முகம்

உள்ளத்துணர்வு உடல்வழி புலப்படுவதே மெய்ப்பாடு. அதனைத் தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்தார். 1999-இல் சப்பானியரான சிகேதாகா குரித்தா கைப்பேசிக்கென 176 சிறுபடங்களை அமைத்தார். அவ்வழிவந்த உணர்ச்சிக் குறிகளை இன்று நிழற்படத்து முகங்களின் மீதே ஒட்டுகின்றனர்.

அயலார் பார்வையினின்று குழந்தையைக் காக்க மறைப்பது முறையே. ஆயின், தோட்டத்துப் பாட்டியின் முகத்தில் சிரிப்புப் பொம்மையை ஒட்டலாமா? அங்கிருந்தது பெருமிதமா அச்சமா என்பதைப் பேரன் எவ்வாறு அறிவான்? செண்டாயானில் தோட்ட நிலம் வீடமைப்பு நகராகிவிட்டது. பழைய வாழ்வுக்கு அம்முகங்களே சான்று. ஒட்டிச் சேமித்த படத்தில் மறைந்த முகம் மீளாது. விளையாட விரும்புவோர் படியெடுத்து ஒட்டுக, மூலப்படத்தைக் காக்க. இதனை மாணவர்க்கு உணர்த்துதல் தமிழாசிரியர் கடனாகும்.