இதயத்தைக் குறிவைத்த நூல்

உலகச் செய்திகளில் ஒருவகை உண்டு. உணவில் கலந்த நஞ்சு, அதை மறைத்த பெருநிறுவனம், இறக்குமதிக்குத் தடை விதித்த அரசுகள், ஆய்வுக்கூடத்துக் கருவி ஆகிய நான்கும் அதில் ஒருங்கே வந்து நிற்கும். படித்து முடித்ததும் நம்முள் எழும் முதல் வினா, நம் வீட்டிலும் இந்தப் பொருள் இருக்கிறதோ என்பதுதான். வினா இயல்பானதே. ஆயினும் நம் அக்கறை அத்தோடு நின்றுவிடுமானால், செய்தியில் பாதியை மட்டுமே நாம் படித்தவர்களாவோம். இவ்வுண்மைக்கு இலக்கிய உலகம் தரும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் எழுதி, 1906-இல் நூலாக வெளிவந்த 'தி ஜங்கிள்' என்னும் புதினமே அது.

சிங்க்ளேர் 1904-இல் சிக்காகோ நகரத்து இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் ஏழு வாரங்கள் தங்கி, தொழிலாளரோடு பழகிச் செய்திகளைத் திரட்டினார். கதைநாயகன் யூர்கிஸ் லித்துவேனியாவிலிருந்து குடியேறியவன், கத்தோலிக்கக் குடும்பத்தவன். அவனுக்கும் ஓனாவுக்கும் நடைபெறும் திருமண விருந்தோடு கதை தொடங்குகிறது. விருந்துண்டவர்கள் மொய் வைத்துச் செல்வது அவர்கள் ஊர் மரபு. புதிய நகரத்தின் இளைஞர் பலர் உண்டுவிட்டு நழுவிவிட, மணமக்களுக்குக் கடனே மிஞ்சுகிறது. தன் தோள்வலிமையால் அதைத் தீர்த்துவிடலாம் என்று யூர்கிஸ் நம்புகிறான். ஊர்விட்டு ஊர் வந்த ஏழையின் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒரே இரவுக்குள் அடக்கிக் காட்டும் இப்பகுதியே நூலின் சிறந்த பகுதி எனலாம்.

அந்நம்பிக்கை படிப்படியாக நொறுங்குகிறது. முதிய தந்தை கூலியில் மூன்றில் ஒரு பங்கைக் கையூட்டாகக் கொடுத்தே வேலை பெறுகிறார். இரசாயனம் கலந்த நீரில் நின்று கால்கள் புண்ணாகி மடிகிறார். ஓனா மேலாளனின் வன்மத்துக்கு இரையாகிப் பின்னர்ப் பேறுகாலத்தில் இறக்கிறாள். அவர்களுடைய சிறுமகனோ தெருவில் தேங்கிய நீரில் மூழ்கி மாள்கிறான்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். துன்பத்தின்மேல் துன்பமாக ஆசிரியர் அடுக்கிச் செல்வதால், ஒரு கட்டத்தில் மனிதர்கள் மறைந்து எடுத்துக்காட்டுகளாகி விடுகின்றனர். இறுதி இயல்களில் கதை நின்று, சமவுடைமைச் சொற்பொழிவு தொடங்குகிறது. யூர்கிஸ் கேட்போர் வரிசையில் ஒருவனாக ஒதுங்கிவிடுகிறான். மறையுரை ஆற்றுவோர்க்கு இந்தச் சோதனை நன்கு தெரியும். கதையே பேச வேண்டிய இடத்தில் போதகர் பேசினால், கேட்போரின் மனம் வாயிலை நோக்கிச் சென்றுவிடும்.

எனினும் ஓரிடத்தை நம்மால் மறக்க இயலவில்லை. கிறிஸ்டோஃபொராஸ் என்னும் ஊனமுற்ற சிறுவன் ஒருநாள் காலையில் இறக்கிறான். அன்று அவன் உண்ட இறைச்சி, ஏற்றுமதிக்குத் தகாதது என்று ஒதுக்கப்பட்ட நோயுற்ற பன்றியினுடையதாக இருக்கலாம் என்கிறார் ஆசிரியர். மகனுக்கு ஒரு திருப்பலியும் ஒரு மரச்சிலுவையும் வேண்டித் தாய் அண்டை வீடுகளில் கையேந்துகிறாள்.

இதன் பின்னே வரலாறு உள்ளது. அமெரிக்கப் பன்றியிறைச்சிக்கு ஜெர்மனி முதலிய நாடுகள் 1880-களில் தடை விதித்தன. அச்சந்தையை மீட்கவே 1891-இல் அரசு ஏற்றுமதி இறைச்சிக்கு ஆய்வுச் சட்டம் இயற்றியது. வெளிநாட்டாரின் தட்டுக்குக் கிடைத்த காவல், தொழிற்சாலை வாயிலில் வாழ்ந்த குழந்தைக்குக் கிடைக்கவில்லை. அதே 1891-இல்தான் திருத்தந்தை 13-ஆம் லியோ, தொழிலாளரின் நிலைபற்றிய தம் திருமடலை வெளியிட்டார் என்பதும் நினைவுகூரத் தக்கது.

நூல் பெரும் புயலை எழுப்பியது. 1906 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் ஒப்பமிட்டார். அவை நற்சட்டங்களே. ஆனால் தொழிலாளியின் கூலியையோ உயிர்க்காவலையோ அவை தொடவில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தும், அடி அவர்தம் வயிற்றிலேயே விழுந்தது என்று சிங்க்ளேர் வருந்தினார்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2008-இல் சீனாவில் அக்கதை மீண்டும் நிகழ்ந்தது. தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் இரசாயனத்தைச் சேர்த்தனர். பாலின் புரதத்தைக் கருவி நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்தே புரதத்தைக் கணிக்கிறது. நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தபோது நீர்த்த பால் நற்பாலாகத் தேர்வு பெற்றது. சிறு மரக்காலும் பொய்த்தராசும் கொண்டு ஏழையை வஞ்சித்தவர்களைச் சாடிய இறைவாக்கினர் ஆமோஸ், இந்த ஆய்வுக்கூடத்துத் தராசையும் அடையாளம் கண்டிருப்பார்.

சன்லு நிறுவனத்தாருக்கு ஆகஸ்டுத் தொடக்கத்திலேயே உண்மை தெரிந்திருந்தது. பெய்ஜிங்கில் ஒலிம்பிக் விழா நடந்து முடிந்தது. அந்நிறுவனத்தில் 43 விழுக்காடு பங்கு வைத்திருந்தது நியூசிலாந்தின் ஃபொன்டெரா. அந்நாட்டு அரசு பெய்ஜிங்குக்குத் தெரிவித்த பின்னரே, செப்டம்பர் 11 அன்று பால்மாவைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 குழந்தைகள் இறந்ததாக அரசு கூறியது. இந்தியா உட்படப் பல நாடுகள் சீனப் பாற்பொருள்களைத் தடுத்தன. குற்றவாளிகளுள் இருவருக்கு 2009-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. உலகின் வயிறு அமைதியுற்றது. ஆனால் பாதிக்கப்பட்ட பெற்றோரை ஒன்றுதிரட்டிய தந்தை ஒருவருக்கு, 2010-இல் பொது ஒழுங்கைக் குலைத்தார் என்று இரண்டரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டதை எத்தனை பேர் கவனித்தோம்?

'தி ஜங்கிள்' முழுமையான கலைப்படைப்பு அன்று. ஆயினும் அது எய்த அம்பு இன்னும் இலக்கை அடையவில்லை. ஆகவே அது இன்றும் படிக்கப்பட வேண்டிய நூல். பலிபீடத்தில் அப்பத்தை உயர்த்தும்போது, அதை மண்ணின் கொடை என்று மட்டும் திருச்சபை அறிக்கையிடுவதில்லை. மனித உழைப்பின் பயன் என்றும் அறிக்கையிடுகிறது. அவ்வுழைப்புக்கு உரியவர் யார், அவர் என்ன ஆனார், அவர் குழந்தை எதை உண்கிறது என்று கேட்கும் கடமை அச்சொல்லோடு நம் கைக்கு வந்துவிடுகிறது. அடுத்த முறை இத்தகைய செய்தியைப் படிக்கையில், நம் சமையலறையை நோக்கி ஓடும் கண்களைச் சற்றே நிறுத்தி, அதில் பெயரின்றிப் போனவர்களைத் தேடிப் பார்ப்போமா?